பெருசா இருந்தா கனம்னு சொல்றான்: அஞ்சு வயசுப் பையனுக்கு எடையை எப்படிப் புரிய வைக்கிறது?

கோபி அம்மா கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல இருந்து எழுதறேன். என்ற பையனுக்கு அஞ்சு வயசு முடிஞ்சு மூணு மாசம் ஆகுது, யூகேஜி போறான்.

போன வாரம் ஸ்கூல்ல இருந்து ஒரு ஒர்க்‌ஷீட் திரும்பி வந்துச்சு. ஒரு தலையணைப் படம், ஒரு செங்கல் படம். 'கனமானதுக்கு வண்ணம் தீட்டு'ன்னு போட்டிருந்துச்சு. இவன் தலையணைக்குப் பச்சை அடிச்சிருக்கான். அது மேல சிவப்பு மையில பெரிய பெருக்கல் குறி. "ஏஞ்சாமி தலையணைக்கு அடிச்சே?"ன்னு கேட்டா, "அதுதானம்மா பெருசா இருக்குது"ங்கறான். நானும் படத்தைப் பாத்தேன். நெசமாவே தலையணையைச் செங்கல்லை விட ரெண்டு மடங்கு பெருசா வரைஞ்சு வெச்சிருக்காங்க. பையனைத் திட்ட மனசு வரலைங்க.

ஆயுத பூஜைக்கு வாங்குன பொரி ஒரு பெரிய கவர் மீதி இருந்துச்சு. அதையும் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டையும் முன்னால வெச்சு எது கனம்னு கேட்டேன். பொரிதான்னான். ரெண்டையும் கையில குடுத்தேன். பொரிக் கவரைத் தூக்குனதும் கை விசுக்குனு மேல போயிருச்சு, விழுந்து விழுந்து சிரிச்சான். சரி, புரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். அடுத்த நாள் கேட்டா மறுபடியும் பெருசுதான் கனம்.

அதனால "பெருசா இருந்தாலும் லேசா இருக்கலாம் கண்ணு, சின்னதும் கனமா இருக்கும்"னு நாலஞ்சு தடவை சொல்லிக் குடுத்தேன். இப்ப என்ன ஆச்சுன்னா, எதைக் கேட்டாலும் சின்னதுதான் கனம்ங்கறான். அரசாணிக்காயையும் எலுமிச்சம்பழத்தையும் காட்டுனா எலுமிச்சம்பழத்தைத் தொடறான். தூக்கிப் பாக்கக்கூட இல்லை.

பொம்மைத் தராசு வாங்கிக் குடுக்கறதா, சமையல்கட்டுக்கு வர்ற டிஜிட்டல் தராசு வாங்கறதா? கிலோ, கிராம் எல்லாம் இப்பவே சொல்லலாமா? எங்கூட்டு அட்டாலியில மாமனார் காலத்துத் தட்டுத் தராசு ஒண்ணு கெடக்குது. அது இதுக்கு ஆகுமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பீளமேடு அப்பா:

டிஜிட்டலே வாங்கிருங்க. அஞ்சு கிலோ வரைக்கும் காட்டற சாதாரண தராசு போதும். என் பொண்ணுக்கு ஆறு வயசு. சாயந்தரம் ஆனா வெங்காயம், தக்காளி, அவளோட ஷூ, எல்லாத்தையும் அதுல வெச்சு நம்பர் படிப்பா. எண்ணும் பழகுது, எடையும் பழகுது. குழப்பமே இல்லை.

குன்னத்தூர் டீச்சரம்மா:

அம்மிணி, நான் 26 வருசம் அங்கன்வாடியில இருந்து ஓய்வானவ. உங்க பையன் பண்ணுனதை நூத்துக்கணக்கான புள்ளைங்க பண்ணிப் பாத்திருக்கேன். அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

மொதல்ல அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லோணும். காயிதத்துல வரைஞ்ச செங்கல்லுக்கும் தலையணைக்கும் எடையே கெடையாது. காயிதத்துல இருக்கறது உருவம் மட்டுந்தான். அதுல பெருசு எதுவோ அதைச் சொல்லியிருக்கான், கண்ணுல பட்டதைச் சரியாத்தான் சொல்லியிருக்கான். எடைங்கறது கைக்குத் தெரியற சங்கதி. கைக்கு எதையும் குடுக்காம எடையைக் கேக்கறது, ருசி பாக்க விடாம உப்பா இனிப்பான்னு கேக்கற மாதிரி. முடிஞ்சா பொறுமையா அந்த மிஸ்கிட்டயும் இதைச் சொல்லிப் பாருங்க.

அடுத்து, நீங்க சொல்லிக் குடுத்த வாசகம். பெருசுதான் கனம்னு அவனுக்குன்னு ஒரு விதி இருந்துச்சு. அதை எடுத்துட்டு இன்னொரு விதியைக் குடுத்தீங்க, அவன் அதைப் புடிச்சுக்கிட்டான். ரெண்டுலயும் கைக்கு வேலையில்லை. எலுமிச்சம்பழத்தைத் தூக்காமயே தொட்டான்னு எழுதியிருக்கீங்களே, அங்கதான் இருக்குது விசயம். இனிமே ஒரு மாசத்துக்கு எந்த விதியும் சொல்லாதீங்க. சரி தப்பும் சொல்ல வேண்டாம்.

கண்ணு முந்திக்கும், அது பெரியவங்களுக்கும் உண்டு. 1891-லயே சார்ப்பாந்தியேன்னு ஒரு பிரெஞ்சு மருத்துவர் சோதிச்சு எழுதியிருக்கார். ஒரே எடையில பெருசு ஒண்ணு, சின்னது ஒண்ணு குடுத்தா, சின்னதுதான் கனம்னு கைக்குத் தோணும். பெருசைப் பாத்ததும் கனமா இருக்கும்னு நம்பிக் கை தயாராயிருது, தூக்குனா லேசா வருது. ரெண்டும் ஒரே எடைன்னு சொன்ன பொறகும் அந்தத் தோணல் போறதில்லை. இப்படி இருக்க, அஞ்சு வயசுப் புள்ளைக்கு ஆரம்பத்துலயே உருவத்துல ஏமாத்தற பொருளைக் குடுக்கலாமுங்களா? பொரியும் உப்பும் நல்ல சோடிதான். ஆனா அது பத்தாவது நாள் பாடம், மொத நாள் பாடம் இல்லை.

மொத நாளுக்கு உருவம் ஒண்ணாவும் எடை வேறயாவும் இருக்கோணும். மரியா மாண்டிசோரி இதுக்குன்னே ஒரே அளவுல மரப் பலகைத் துண்டு செஞ்சு வெச்சிருந்தாங்க. மூணு வகை மரம், எடை 24, 18, 12 கிராம். புள்ளை கண்ணை மூடிக்கிட்டு உள்ளங்கையில வெச்சுப் பாக்கோணும். அந்தம்மா 1939-ல மெட்ராசுக்கு வந்து, உலகப் போர் சமயத்துல நம்ம பழனிக்கு மேல கொடைக்கானல்ல தங்கிப் பாடம் நடத்துனவங்க. எங்க மையத்துல அந்தப் பலகை எங்க இருக்குது? ஒரே மாதிரி ஊறுகாய் டப்பா நாலு கழுவிக் காய வெச்சேன். ஒண்ணுல பஞ்சு, ஒண்ணுல பொரி, ஒண்ணுல கம்புத் தானியம், ஒண்ணுல ஆத்து மணல். வாய் வரைக்கும் ரொப்பி மூடி, சுத்திலும் பழைய காலண்டர் தாளை ஒட்டிட்டேன். உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாது. பஞ்சும் பொரியும் ரெண்டும் லேசு, கைக்கு அவ்வளவாப் பிரியாது. அதனால மொதல்ல பஞ்சையும் மணலையும் மட்டும் குடுங்க. அது நல்லா வந்ததும் நடுவுல கம்பை விடுங்க. பொரி டப்பா கடைசி.

குடுக்கறதுலயும் ஒரு பக்குவம் இருக்குதுங்க. ரெண்டு கையையும் முன்னால நீட்டச் சொல்லி, உள்ளங்கையில ஒரே நேரத்துல வைங்க. மடியில, மேசையில கை முட்டக் கூடாது. மெதுவா மேலயும் கீழயும் ஆட்டிப் பாக்கச் சொல்லுங்க. அப்பறம் கை மாத்திக் குடுங்க, இதை மறந்துராதீங்க. சில புள்ளைங்க எதைக் கேட்டாலும் சோத்துக்கைப் பக்கமே காட்டும். கை மாத்துனாத்தான் நெசமா உணர்ந்து சொல்லுதான்னு தெரியும்.

வித்தியாசத்தைப் பெருசா வெச்சு ஆரம்பிங்க. அம்பது கிராமுல பத்து கிராம் கூடுனா கைக்குத் தெரியும், ஒரு கிலோவுல பத்து கிராம் கூடுனா நமக்கே தெரியாது. ஒண்ணைப் போல ரெண்டு மடங்கு இருக்கற சோடிதான் சின்னப் புள்ளைக்கு.

இப்படி ஒரு வாரம் போனாத் தராசுக்குப் போகலாம். பொம்மைத் தராசுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். சட்டை மாட்டற ஹேங்கர் ஒண்ணு, தேங்காய்த்தொட்டி ரெண்டு, கயிறு போதும். கதவு நிலவுல ஆணி அடிச்சு மாட்டிருங்க.

ஒரு வருசம் நான் அவசரமாக் கட்டி மாட்டிட்டுக் கல்லையும் இலையையும் போடச் சொன்னேன். நாலு வயசுப் பொண்ணு ஒண்ணு, காது குத்துன புண்ணு ஆறாம எண்ணெய் தடவிக்கிட்டு வந்திருந்துச்சு. கிட்ட வந்து நின்னு ரொம்ப நேரம் பாத்துட்டு, "டீச்சர், ஒண்ணும் போடாதப்பவே இந்தத் தொட்டி கீழதானே இருந்துச்சு"ன்னு கேட்டுச்சு. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துருச்சு. ரெண்டு தொட்டியும் ஒரே பருமன் இல்லை, நான் கவனிக்கவே இல்லை. லேசான பக்கத்துல கயித்தோட ஒரு கம்பித் துண்டைச் சுத்திச் சமம் பண்ணுனோம். எவ்வளவு சுத்தோணும்னு அந்தப் பொண்ணே சொல்லுச்சு. அதுல இருந்து எந்தக் குழுவுக்கும் தராசை நான் சமம் பண்ணிக் குடுக்கறதில்லை. காலித் தராசு சாஞ்சிருந்தாச் சாஞ்ச மாதிரியே மாட்டி, என்ன பண்ணலாம்னு அவங்களையே கேப்பேன்.

இன்னொரு சிக்கல் வரும், இப்பவே சொல்லிடறேன். மேல போன தட்டைப் பாத்து "இதுதான் ஜெயிச்சுது, இதுதான் கனம்"னு சொல்வான். புள்ளைங்களுக்கு மேலன்னா அதிகம். அப்ப அவனையே தராசா நிக்க வைங்க. ரெண்டு கையையும் நீட்டி ஒரு கையில துணிப்பையை மாட்டிக் கொஞ்சங் கொஞ்சமா உருளைக்கெழங்கு போடுங்க. எந்தப் பக்கம் தோள் எறங்குதுன்னு அவன் ஒடம்புக்கே தெரியும். அதுக்கப்பறம் ஹேங்கரைப் பாத்தா மறு பேச்சே இருக்காது.

கிலோ, கிராம் இப்ப வேண்டாமுங்க. கனம், லேசு, சமம், இந்த மூணு வார்த்தை போதும். களிமண் உருண்டையைத் தோசையாட்டத் தட்டிட்டுக் கேட்டா, எடை மாறிப்போச்சுன்னுதான் இந்த வயசுல சொல்லும். அதைத் திருத்தப் பாக்காதீங்க. உருவம் மாறுனாலும் எடை மாறாதுங்கறது ஒம்போது பத்து வயசுலதான் உறுதியா நிக்கும்னு பியாஜேங்கற சுவிஸ் உளவியல் அறிஞர் பல வருசம் புள்ளைங்களோட பேசிப் பாத்துச் சொல்லியிருக்கார். என் அனுபவத்துலயும் அப்படித்தான்.

பீளமேடு அப்பா:

டீச்சர், படிச்சுட்டு நேத்து பொண்ணுகிட்ட டிஜிட்டல் தராசை எடுத்து வெச்சுட்டு, கையில குடுத்துக் கேட்டேன். ஆப்பிளும் வெங்காயமும். "நம்பர் பாக்கலையேப்பா, எப்படித் தெரியும்"ங்கறா. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்ப டிஜிட்டல் எப்பத்தான் குடுக்கறது?

குன்னத்தூர் டீச்சரம்மா:

வீசிர வேண்டாம் தம்பி, ஆறு வயசுக்கு அவ நம்பர் படிக்கறது நல்ல சங்கதிதான். ஆனா மொதல்ல கை, அப்பறம் ஹேங்கர், கடைசியில நம்பர். அவ வாயால ஒண்ணைச் சொன்ன பொறகுதான் நீங்க தராசை ஆன் பண்ணோணும். பொண்ணு வெவரமான பொண்ணு, நாலே நாள்ல புடிச்சுக்குவா.

திருப்பூர் துணி செக்கிங்:

டீச்சரம்மா சொல்ற கைக்கணக்குலதான் என் பொழப்பே ஓடுதுங்க. பனியன் துணி செக்கிங்ல 14 வருசமா இருக்கேன். துணியோட எடையை ஜிஎஸ்எம்னு சொல்லுவோம், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறது. வட்டமா வெட்டற கட்டர் ஒண்ணு இருக்குது, அது சரியா 100 சதுர சென்டிமீட்டர் வெட்டும். அந்த வட்டத்தைத் தராசுல போட்டு வர்ற கிராமை நூறால பெருக்கணும். 1.8 கிராம் வந்தா 180 ஜிஎஸ்எம். ஆனா வெட்டறதுக்கு முன்னால ரோலைத் தொட்டதுமே இது 160, இது 180னு கை சொல்லிரும். சேந்த புதுசுல எங்க மாஸ்டர் தினமும் என்னை மொதல்ல சொல்ல வெச்சுட்டு அப்பறந்தான் வெட்டுவார்.

வீட்டுல என் ரெண்டாவது பொண்ணுக்கு நான் காட்டுனது துண்டுதான். ஒரே மாதிரி ரெண்டு துண்டு, ஒண்ணைத் தண்ணியில முக்கிப் பிழிஞ்சு குடுத்தேன். அளவும் நெறமும் ஒண்ணு, எடை மட்டும் வேற. அப்பறம் கொடியில போட்டுட்டு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தொட்டுத் தொட்டுப் பாத்தா. சாயந்தரம் வந்து "அப்பா, ரெண்டும் சமமாயிருச்சு"ன்னா. செலவு ஒண்ணும் இல்லை, ஞாயித்துக்கெழமை பண்ணிப் பாருங்க.

அவல்பூந்துறை தோட்டத்துக்காரர்:

அம்மிணி, அட்டாலியில இருக்கற தராசை எறக்குங்க. இத்தனை பேர் எழுதியும் அதைப் பத்தி ஒருத்தரும் பேசலை, எனக்கு மனசு கேக்கலை.

எறக்குனதும் சங்கிலியில துரு இருந்தாத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடையுங்க. நடுவுல மேல நிக்கற முள்ளு நேரா நிக்குதான்னு பாருங்க. தட்டு காலியா இருக்கறப்ப முள்ளு நடுவுல நிக்கோணும், அதான் தராசுக்கு உயிர். கூட எடைக்கல்லு இருந்தா எடுத்து வைங்க, ஆனா பையன்கிட்ட இப்ப குடுக்க வேண்டாம். கால்ல போட்டுக்குவான்.

எங்க அப்பாரு காலத்துல வீசையும் பலமுந்தான். 40 பலம் ஒரு வீசை, இன்னைக்குக் கணக்குல ஏறக்குறைய 1.4 கிலோ. 1958 அக்டோபர்ல கிலோக்கல்லு வந்துச்சு. வந்து பல வருசம் கழிச்சும் அப்பாரு வாயில புளின்னா வீசைதான். அளவு எதா இருந்தா என்னங்க, தட்டும் முள்ளும் மாறவே இல்லை.

இப்ப சொல்றதைச் செய்யுங்க. ஒரு தேங்காயை ஒடைச்சுத் தண்ணியை ஊத்திட்டு, ஒரு மூடியை ஒரு தட்டுல வைங்க. இன்னொரு தட்டுல பையன் பொறுக்கிட்டு வந்த கூழாங்கல்லைப் போட்டு முள்ளு நிக்க வைங்க. கல்லு ஒரே பருமனா இருந்தா நல்லது. எத்தனை கல்லுன்னு செவுத்துல கோடு போடச் சொல்லுங்க. மூடியை வெயில்ல காய வெச்சு நாளும் பொழுதோட இதே தராசுல வைங்க. பச்சைத் தேங்காப்பருப்புல பாதிக்குப் பாதி தண்ணிதான். நல்லாக் காஞ்ச கொப்பரையில ஆறு சதம் ஈரம் இருந்தாப் பெருசு. ஏலத்துக்குக் கொண்டு போறப்ப அந்த ஈரத்துலதான் எங்க வெலை நிக்குது. தேங்காத்தட்டு நாளுக்கு நாள் மேல போகும், கல்லை ஒவ்வொண்ணா எடுக்க வேண்டி வரும். பொருள் அதேதான், எடை மட்டும் கொறையுதுங்கறதை அவனே பாப்பான்.

இன்னொண்ணு. உரிச்ச தேங்காய் ஒண்ணு, அதுல இருந்து உரிச்ச மட்டை முழுசையும் சேத்துக் கட்டுன கட்டு ஒண்ணு. மட்டைக்கட்டுதான் பெருசா இருக்கும். காஞ்ச மட்டையாப் பாத்து எடுங்க. பச்சை மட்டை தண்ணியோட இருக்கும், கணக்கு மாறிப்போகும்.

உண்டியல்ல பழைய தடி அஞ்சு ரூபாய்க் காசு இருந்தா அதையும் விட்டுராதீங்க. அது 9 கிராம். ரெண்டு நெறத்துல வர்ற பத்து ரூபாய்க் காசு அதை விட அகலம், ஆனா 7.71 கிராம்தான். அஞ்சு அஞ்சாத் தட்டுல போட்டா நல்லாத் தெரியும். எங்க பேத்தி இதைப் பாத்துட்டு ஊர்ல இருக்கற உண்டியலை எல்லாம் கொட்டிப் பாத்துச்சு.

கோபி அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. பன்னெண்டு நாள் கழிச்சு எழுதறேன்.

டப்பா விளையாட்டுல மொத ரெண்டு நாள் கண்ணை மூடவே மாட்டேன்னுட்டான், விரல் சந்துல பாத்துக்கிட்டே இருந்தான். அத்தை தன்னோட முந்தானையைக் கண்ணுல கட்டி விட்டாங்க. அதுக்கப்பறம் அவனே தெனமும் முந்தானையைத் தேடிட்டு வர்றான். டீச்சரம்மா சொன்ன மாதிரியே சோத்துக்கைப் பக்கமாத்தான் காட்டிட்டு இருந்தான். கை மாத்திக் குடுத்தப்ப ஒரு நிமிசம் அப்படியே நின்னு, ரெண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பாத்துட்டு எடக்கையை நீட்டுனான். மணல் டப்பா அதுலதான் இருந்துச்சு. நான் சரின்னும் சொல்லலை, தப்புன்னும் சொல்லலை. சொல்லாம இருக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சுங்க.

தராசை எறக்கியாச்சு. எங்கூட்டுக்காரர் எண்ணெய் போட்டுத் துடைச்சு மாமரக் கெளையில மாட்டிட்டார். மாமா காலத்துக்கு அப்பறம் அது வெளிய வர்றது இப்பத்தான். அத்தை கொஞ்ச நேரம் தட்டைத் தொட்டுட்டே நின்னாங்க. தேங்காமூடி மொத நாள் பன்னெண்டு கல்லு. நேத்து எட்டுக் கல்லுல நிக்குது. எடுத்த நாலு கல்லையும் தனியா ஒரு டம்ளர்ல போட்டு, "இது மூடியில இருந்து போன தண்ணி"ன்னு வெச்சிருக்கான். நான் சொல்லிக் குடுக்கலைங்க. துண்டைக் காயப் போட்டுப் பாத்ததுல இருந்து வந்திருக்கும் போல.

காசு விசயத்துல எங்ககிட்ட தடி அஞ்சு ரூபா மூணுதான் கெடச்சுது. மூணு மூணாப் போட்டும் தட்டு எறங்குச்சு.

முந்தாநாள் அந்த ஒர்க்‌ஷீட்டை அவனே எடுத்துட்டு வந்தான். வாசல்ல கெடந்த செங்கல் ஒண்ணு, அத்தையோட இலவம்பஞ்சுத் தலையணை ஒண்ணு. ரெண்டையும் ஒவ்வொண்ணாத் தூக்கிப் பாத்துட்டுச் செங்கல்தான் கனம்னான். அதோட விட்டிருந்தாப் பரவாயில்லை. மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் கெடந்த ஒடைஞ்ச செங்கல் துண்டையும் தூக்கிட்டு வந்து தலையணையோட வெச்சுப் பாத்தான். இலவம்பஞ்சை இறுக்கித் தெச்ச தலையணைங்க, நல்ல கனம் இருக்கும். நானும் தூக்கிப் பாத்தேன், என்னாலயும் சொல்ல முடியலை. "அம்மா, மிஸ்ஸுகிட்ட செங்கல் முழுசா, ஒடைஞ்சதான்னு கேக்கோணும்"ங்கறான்.

திங்கக்கெழமை ஸ்கூலுக்குப் போறப்ப ரெண்டு டப்பாவையும் பையில போட்டுக் குடுத்து விடலாம்னு இருக்கேன். டீச்சரம்மா, பஞ்சும் மணலும் மட்டும் போதுமுங்களா, கம்பையும் சேத்துக் குடுக்கட்டுமா?

குன்னத்தூர் டீச்சரம்மா:

மூணையும் குடுங்க கண்ணு. மூடியை நல்லா டேப் போட்டு ஒட்டிக் குடுங்க. வகுப்புல முப்பது புள்ளைங்க தொறந்து பாக்கும், மணல் கொட்டுனா மிஸ் மறுபடி எடுக்க மாட்டாங்க.